முதற் காணி வாங்கும் முன்

இடம்பெயர்ந்து வாழும் விவசாயக் குடும்பம் ஒன்றின் கையில் நாலு காசு சேர்ந்தவுடன் அங்கே எழும் முதற் பேச்சு காணிப் பேச்சாகவே இருக்கின்றது. வெளிநாட்டிலுள்ள பிள்ளை அனுப்பிய பணமாக இருக்கலாம். ஆண்டுக்கணக்கில் கூலி வேலை செய்து மிச்சம் பிடித்ததாக இருக்கலாம். தாயின் கழுத்து நகையாகவும் இருக்கலாம். மண்ணில் போட்ட பணம் அழியாது என்பது எமது மக்களின் நம்பிக்கை. அதில் நியாயமும் உண்டு. 2022 ஆம் ஆண்டு நெருக்கடியின் போது ரூபாவின் பெறுமதி சரிந்து, அவ்வாண்டு செப்டெம்பரில் பணவீக்கம் 70 வீதத்தை அண்மித்தது. வங்கியிலிருந்த சேமிப்புக் கரைவதைக் கண்ட பலர் காணியே காவல் என்ற முடிவுக்கு வந்தனர்.

ஆயினும், காணி வாங்கப் போய்ப் பணத்தையும் பறிகொடுத்து, காணியும் கிடைக்காமல் நீதிமன்றப் படிகளில் ஏறி இறங்கும் குடும்பங்களையும் நாம் சந்தித்து வருகின்றோம். இவர்களிற் பெரும்பாலானோர் மண்ணைப் பார்த்து வாங்கினார்கள், உரித்தைப் பார்க்கவில்லை. காணியில் முதன்முதலாகப் பணம் போடுவோர் மனத்தில் இருத்த வேண்டிய உண்மை ஒன்றே. விற்பவர் உங்களுக்குத் தருவது அந்த மண்ணின் மீது தமக்குள்ள உரித்தை மட்டுமே. அவரிடம் இல்லாத உரித்தை அவரால் எவருக்கும் கொடுக்க முடியாது. அந்த உரித்தை எவ்வாறு பரிசோதிப்பது என்பதையே இக்கட்டுரையில் விளக்க முயல்கின்றோம்.

எதற்காக வாங்குகின்றோம்?

குடியிருக்க, பயிர் செய்ய, விலை ஏறியபின் விற்க என மூன்று நோக்கங்களுக்காகக் காணி வாங்கப்படுகின்றது. மூன்றாவது நோக்கம் வசதியுள்ளவர்களுக்குப் பொருந்தலாம். ஒரே ஒரு சேமிப்பை வைத்திருக்கும் குடும்பத்திற்கு அது ஆபத்தானது. காணியை நினைத்த நாளில் காசாக்க முடியாது. பிள்ளைக்குச் சுகவீனம் வந்த வாரத்தில் காணியை விற்க ஓடுபவர் பாதி விலைக்கே விற்பார்.

ஒரு சிறு கணக்கைப் பாருங்கள். 12 இலட்சம் ரூபாவுக்கு ஒரு துண்டுக் காணி வாங்குவதாக வைத்துக்கொள்வோம். அதே காணியை ஆண்டுக்கு 48,000 ரூபா குத்தகைக்கு எடுக்கலாம் என்றால், காணி உங்களுக்குத் தரும் வருமானம் போட்ட பணத்தில் 4 வீதம் மட்டுமே. நகையை அடைவு வைத்தோ வட்டிக்குக் கடன் பெற்றோ அப்பணத்தைப் புரட்டியிருந்தால், காணி தருவதைவிட வட்டி அதிகமாகத் தின்றுவிடும். எனவே, முதற் காணியைக் குடியிருப்பதற்கோ சொந்த உழைப்பைப் போட்டுப் பயிர் செய்வதற்கோ வாங்குங்கள். கடன்பட்டு வாங்காதீர்கள்.

கையிலுள்ள முழுப் பணத்தையும் காணி விலைக்குக் கொடுத்துவிடவும் கூடாது. முத்திரைத் தீர்வை உண்டு. முதல் ஓர் இலட்சத்திற்கு 3 வீதமும் மிகுதிக்கு 4 வீதமும் என்பது நீண்டகாலமாக வழங்கிவரும் கணக்கு. 12 இலட்சம் ரூபாக் காணிக்கு இது 47,000 ரூபா ஆகும். வாங்கும் நாளில் நடைமுறையிலுள்ள வீதத்தை நொத்தாரிசிடம் கேட்டறியுங்கள். அவருடைய கட்டணம், நில அளவைச் செலவு, வேலி, கிணறு ஆகியவை இதற்குமேல் வரும். ஒரு போகச் செய்கைச் செலவும் சில மாதங்களுக்கான சாப்பாட்டுச் செலவும் ஒதுக்கியபின் மிஞ்சுவதே காணி வாங்கும் பணம்.

காணியின் இனம்

விலை பேசுமுன் கேட்க வேண்டிய முதற் கேள்வி: இது உறுதிக் காணியா, பேர்மிற் காணியா?

உறுதிக் காணி தனியாருக்குச் சொந்தமானது. அதை உறுதி எழுதி விற்கலாம். பேர்மிற் காணி அவ்வாறானதல்ல. 1935 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட அனுமதிப்பத்திரத்தை வைத்திருப்பவர் அக்காணியின் சொந்தக்காரர் அல்லர். அரசின் காணியில் குடியிருக்கவும் பயிர் செய்யவும் அனுமதி பெற்றவர் மட்டுமே. வன்னியின் குடியேற்றத் திட்டங்களில் பெரும்பகுதி இத்தகைய காணிகளே. இவற்றை வெள்ளைத் தாளில் எழுதி, முத்திரை ஒட்டிக் கையொப்பமிட்டு விற்கும் வழக்கம் பரவலாக உண்டு. சட்டத்தின் முன் அந்தத் தாளுக்குப் பெறுமதி கிடையாது. பணம் கொடுத்தவர் பத்து ஆண்டுகள் பாடுபட்டுத் தென்னை வைத்தபின்னும், அனுமதிப்பத்திரக்காரரின் பின்னுரித்தாளர் வந்து காணியைக் கேட்கலாம்.

அதே சட்டத்தின் கீழ் 'அளிப்பு' எனப்படும் பத்திரம் பெற்ற காணிகளும் உண்டு. 'சுவர்ணபூமி', 'ஜயபூமி' என்ற பெயர்களில் வழங்கப்பட்டவை இவ்வகையின. இச்சட்டம் பொருந்தும் அளிப்புக் காணியைப் பிரதேச செயலாளரின் எழுத்துமூல அனுமதியை முன்கூட்டியே பெறாமல் கைமாற்ற முடியாது. அனுமதியின்றி எழுதிய உறுதி செல்லாது. அளிப்பில் குறிக்கப்பட்ட அளவைவிடச் சிறு துண்டுகளாகப் பிரிக்கவும் முடியாது. ஆகவே அரசு கொடுத்த காணி என்று தெரிந்தவுடன் தரகரிடம் பேசுவதை நிறுத்திவிட்டுப் பிரதேச செயலகத்தின் காணிக் கிளைக்குப் போங்கள். அங்கே கோவையைப் பார்க்காமல் ஒரு சதமும் கொடுக்க வேண்டாம்.

உறுதி சொல்லும் கதை

உறுதிக் காணியாயினும் உறுதியைக் கையில் கண்டதும் நம்பிவிடக் கூடாது. உறுதியின் பிரதியை வாங்கி, விற்பவரின் நொத்தாரிசு அல்லாத வேறொரு நொத்தாரிசிடம் காட்டுங்கள். அவர் காணிப் பதிவகத்தில் அக்காணிக்குரிய பதிவுத் தாளைத் தேடிப் பார்ப்பார். பொதுவாக 30 ஆண்டுகளுக்குக் குறையாத வரலாறு பார்க்கப்படும். யாரிடமிருந்து யாருக்கு வந்தது, ஈடு அல்லது ஒற்றி இன்னும் மீட்கப்படாமல் இருக்கின்றதா, நீதிமன்ற வழக்குப் பதியப்பட்டிருக்கின்றதா என்பன அதில் தெரியவரும். இத்தேடுதலுக்கு ஆகும் செலவு, இழக்கக்கூடிய பணத்தோடு பார்த்தால் மிகச் சிறிது.

எமது பிரதேசங்களில் அடிக்கடி வரும் சிக்கல்கள் சில:

பிரிபடாத பங்கு. முதுசக் காணி ஒன்றில் ஐந்து பிள்ளைகளுக்கு உரித்து இருக்கும். ஊரில் நிற்கும் ஒருவர் முழுவதையும் விற்க வருவார். அவரால் தமது ஐந்தில் ஒரு பங்கையே விற்க முடியும். மற்றையோர் கனடாவில் இருந்தாலும் அவர்களது பங்கு அவர்களுடையதே. போரிற் காணாமற் போன உடன்பிறப்பின் பங்கையும் ஏனையோர் தமதென்று எழுதிவிட முடியாது. உரித்தாளர் யாவரும் கையொப்பமிட வேண்டும். அன்றேல் முதலில் காணியை முறைப்படி பிரித்துப் பங்கீட்டு உறுதி எழுத வேண்டும்.

சீவிய உருத்து. பெற்றோர் பிள்ளைக்கு நன்கொடையாகவோ சீதனமாகவோ எழுதும்போது, தாம் உயிருள்ளவரை அனுபவிக்கும் உரிமையைத் தமக்கு வைத்துக்கொள்வது வழக்கம். அது உறுதியின் உள்ளே ஒரு வரியாகவே இருக்கும். அதைக் கவனியாமல் வாங்கினால் அந்த முதியவர்கள் இருக்கும்வரை காணி உங்கள் கைக்கு வராது.

அற்றோணித் தத்துவம். சொந்தக்காரர் வெளிநாட்டில் இருக்க, அவருடைய அற்றோணி கையொப்பமிடுவார். தத்துவம் கொடுத்தவர் இறந்துவிட்டால் அது பொதுவாக அத்தோடு முடிந்துவிடும். எனவே தத்துவப் பத்திரத்தையும் அதன் பதிவையும் பாருங்கள். சொந்தக்காரரோடு நீங்களே தொலைபேசியில் முகம் பார்த்துப் பேசி, அவர் விற்கச் சம்மதிக்கின்றாரா என்று கேளுங்கள்.

பிரகடன உறுதி. ஒருவர் தாமாகவே நொத்தாரிசின் முன் சென்று, இக்காணியை நீண்டகாலம் ஆண்டு வருகின்றேன், ஆகவே இது எனது என்று எழுதுவிப்பது இது. இது அவருடைய கூற்றே தவிர நீதிமன்றத் தீர்ப்பு அன்று. வரலாறு இந்த உறுதியிலிருந்தே தொடங்குமாயின் விலகி நிற்பது நன்று. உண்மையான சொந்தக்காரர் உங்களைப் போலவே இடம்பெயர்ந்து எங்கோ இருக்கக்கூடும். ஓர் அகதியின் காணியை இன்னோர் அகதி அறிந்தோ அறியாமலோ பறிக்கும் நிலை எமக்குள் வரலாகாது.

முன்வாங்கும் உரிமை. தேசவழமைக்கு உட்பட்ட காணியைப் பிறருக்கு விற்குமுன், கூட்டுச் சொந்தக்காரருக்கும் விற்பவரின் உரித்தாளராக வரக்கூடியவர்களுக்கும் வாங்கும் வாய்ப்பைக் கொடுக்க வேண்டும் என்பது 1947 ஆம் ஆண்டின் 59 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின் விதி. முறையான அறிவித்தல் கொடுக்கப்படாவிட்டால், அவர்கள் பின்னர் வழக்கிட்டு உங்களிடமிருந்து காணியைப் பெற்றுக்கொள்ள வழியுண்டு. விற்பவர் மணமானவராயின், துணைவரின் கையொப்பமும் தேவையா என்பதையும் நொத்தாரிசிடம் தெளிவாகக் கேளுங்கள்.

பணமும் கையொப்பமும்

1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, காணி விற்பனை எழுத்தில் இருக்க வேண்டும். நொத்தாரிசின் முன்னிலையிலும், ஒரே வேளையில் உடனிருக்கும் இரு சாட்சிகளின் முன்னிலையிலும் கையொப்பமிடப்பட வேண்டும். விற்பதாகச் செய்யும் உடன்படிக்கைக்கும் இதுவே விதி. எனவே, முற்பணம் கொடுத்துச் சாதாரண தாளில் பற்றுச்சீட்டு வாங்கினால், அதைக் காட்டிக் காணியை எழுதித் தரும்படி வற்புறுத்த முடியாது. முற்பணம் கொடுக்கத்தான் வேண்டுமென்றால் நொத்தாரிசு மூலம் உடன்படிக்கை எழுதியபின் கொடுங்கள்.

மிகுதிப் பணத்தை உறுதி முடிக்கும் வேளையில், இயலுமானால் வங்கி மூலம் கொடுங்கள். தீர்வையைக் குறைப்பதற்காக உறுதியில் விலையைக் குறைத்து எழுதும் வழக்கத்திற்கு உடன்படாதீர்கள். அது அரசை ஏமாற்றுவது என்பதோடு, நாளை உரித்துப் பிழைத்துப் பணத்தைத் திருப்பிக் கேட்க நேர்ந்தால் உறுதியிலுள்ள தொகையே உங்கள் முன் நிற்கும். மனைவியின் பெயரையும் உறுதியில் சேர்ப்பதை நாம் வற்புறுத்துகின்றோம். போர் விதவைகள் பலர் காணிக்காக அலைந்ததைக் கண்ட சமூகம் நாம்.

கையொப்பம் இட்டதோடு வேலை முடியவில்லை. உறுதி காணிப் பதிவகத்திற் பதியப்பட வேண்டும். 1927 ஆம் ஆண்டின் 23 ஆம் இலக்கப் பத்திரங்கள் பதிவுக் கட்டளைச் சட்டத்தின் கீழ், பதிவுக்கே முதன்மை உண்டு. ஒருவர் ஒரே காணியை இன்று உங்களுக்கும் அடுத்த மாதம் வேறொருவருக்கும் விற்கின்றார் என்போம். நீங்கள் பதியாதிருக்க, சூதில்லாமல் விலை கொடுத்து வாங்கிய அந்த மற்றவர் முந்திப் பதிந்தால் அவரது உறுதி மேலோங்கும். ஆயினும் பதிவு என்பது இல்லாத உரித்தை உண்டாக்கித் தராது என்பதையும் மறவாதீர்கள். இரண்டும் வேண்டும்: நல்ல உரித்து, காலந் தாழ்த்தாத பதிவு.

சாட்சியாகப் போகின்றவர்களுக்கும் ஒரு சொல். விற்பவரை உண்மையாகவே அறிந்திருந்தால் மட்டும் கையொப்பமிடுங்கள். தேநீருக்கும் சிறு பணத்துக்குமாக இட்ட கையொப்பம் ஒரு குடும்பத்தைத் தெருவில் விடக்கூடும்.

நிலத்தை நேரிற் பாருங்கள்

பத்திரங்கள் சரியாக இருந்தால் அடுத்து மண்ணைப் பாருங்கள். உறுதியில் எழுதப்பட்ட பரப்பு எந்தப் பரப்பு என்று கேளுங்கள். வரகு விதைப்புக் கணக்கில் 16 பரப்பு ஓர் ஏக்கர்; ஒரு பரப்பு 10 பேர்ச். நெல் விதைப்புக் கணக்கில் 24 பரப்பு ஓர் ஏக்கர். கணக்கு மாறினால் மூன்றில் ஒரு பங்கு நிலம் குறைந்துவிடும். உரிமம் பெற்ற நில அளவையாளரைக் கொண்டு அளந்து, எல்லைக் கல் நாட்டி, வரைபடம் பெறுங்கள். அயற் காணிக்காரரை அன்று அழைத்து எல்லையைக் காட்டச் செய்யுங்கள். கதியால் வேலி இருபது ஆண்டுகளில் இரண்டு முழம் நகர்ந்திருக்கலாம்.

பாதை உறுதியில் உள்ளதா? இன்று அயலவர் விடும் குச்சொழுங்கை நாளை அடைபடலாம். கிணறு பங்குக் கிணறாயின், எத்தனையில் எத்தனை பங்கு, வழி வாய்க்கால் உரிமை உண்டா என்பன எழுத்தில் இருக்க வேண்டும். யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணக்கல் நிலத்தில் அளவுக்கு மிஞ்சி நீர் இறைத்தால் உவர் நீர் ஏறிவிடும். ஆகவே ஆவணி, புரட்டாதியில் கிணற்று நீரைக் குடித்துப் பாருங்கள். கார்த்திகை, மார்கழியில் போய் வெள்ளம் நிற்கின்றதா என்று பாருங்கள். ஒரே காணி இந்த இரு காலங்களில் இரு வேறு முகம் காட்டும்.

வயற் காணியாயின் கமநல சேவை நிலையத்தில் விசாரியுங்கள். அங்கே உரிமை பெற்ற குத்தகைச் செய்கையாளர் இருந்தால், காணி கைமாறினாலும் அவரது உரிமை அழியாது. வயலை நிரப்பி வீடு கட்டவும் 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் அனுமதி வேண்டும். ஒரு பெரிய காணியைத் துண்டாக்கி விற்கின்றார்களாயின் அப்பிரிப்பைப் பிரதேச சபை அங்கீகரித்துள்ளதா என்று பாருங்கள். போர் நடந்த இடங்களில் கண்ணிவெடி அகற்றப்பட்டதா என்பதைப் பிரதேச செயலகத்தில் உறுதிசெய்யாமல் மண்வெட்டி வைக்காதீர்கள்.

பழைய காணியைக் கைவிடாதீர்கள்

புதுக் காணி வாங்கப் பணம் தேடி, சொந்த ஊரிலுள்ள காணியை வந்த விலைக்கு விற்பவர்கள் உண்டு. உறுதி எரிந்துவிட்டது, காணி போய்விட்டது என்று இவர்களிடம் சொல்லித் தரகர் விலையைக் குறைப்பார். இது உண்மையன்று. ஒவ்வோர் உறுதியும் மூன்று இடங்களில் இருக்கும். ஒன்று உங்களிடம், ஒன்று நொத்தாரிசின் கோவையில், ஒன்று காணிப் பதிவகத்தில். உங்களுடையது அழிந்தாலும் பதிவகத்தில் உறுதிப்படுத்திய பிரதி பெறலாம். உறுதி இலக்கம் தெரியாவிட்டால் காணியின் பெயர், கிராமம், நொத்தாரிசின் பெயர், ஏறத்தாழ எந்த ஆண்டு என்பவற்றைக் கொண்டு தேடலாம். அப்பு, ஆச்சி உயிரோடு இருக்கும்போதே இவற்றைக் கேட்டு ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள்.

வேறொருவர் உங்கள் காணியில் குடியிருப்பது வேறு விடயம். 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கக் காலவரையறைக் கட்டளைச் சட்டத்தின்படி, தனியார் காணியைச் சொந்தக்காரரின் அனுமதியின்றித் தனதென்று 10 ஆண்டுகள் இடையறாது ஆண்டவர் உரித்துக் கோரலாம். 1983 மே 1 முதல் 2009 மே 18 வரை ஆயுதக் குழுவொன்றின் செயற்பாடுகளால் தமது காணிக்காக வழக்கிட முடியாதிருந்தவர்களுக்கு அக்காலம் கணக்கில் எடுக்கப்படாதவாறு 2016 இல் விசேட சட்டமொன்று இயற்றப்பட்டது. அதன் கீழ் வழக்கிடக் கால எல்லையும் விதிக்கப்பட்டது. எனவே இத்தகைய பிரச்சினை உள்ளவர்கள் நாள் கடத்தாமல் சட்ட உதவி ஆணைக்குழுவின் அருகிலுள்ள அலுவலகத்தை நாடுங்கள். வருமானம் குறைந்தவர்களுக்கு அங்கே இலவச உதவி உண்டு.

1990 இல் வலிகாமம் வடக்கை விட்டு வெளியேறிய குடும்பங்களிற் பல, பல ஆண்டுகளின் பின்னரே தமது காணியிற் கால் வைத்தன. எல்லாக் காணியும் இன்னும் திரும்பவில்லை. ஆயினும் விற்காமல் வைத்திருந்தவர்களுக்கே திரும்பிப் போகும் உரிமை எஞ்சியிருந்தது.

வாங்க இயலாதவர்கள்

பணம் போதாதென்றால் வாங்கியே ஆக வேண்டும் என்பதில்லை. முதலில் குத்தகைக்கு எடுத்து இரண்டு போகம் செய்து பாருங்கள். மண்ணும் நீரும் அயலும் தெரிந்துவிடும். எம்மவர் நன்கறிந்த ஒற்றி முறையும் உண்டு. காணிச் சொந்தக்காரருக்குப் பணம் கொடுத்து, வட்டிக்குப் பதிலாகக் காணியின் விளைவை எடுப்பது இது. முதலும் அழியாது, நிலமும் கைக்கு வரும். ஆனால் ஒற்றியும் நொத்தாரிசு முன் எழுதப்பட்டுப் பதியப்பட வேண்டும். ஒரு மாதத்திற்கு மேற்பட்ட காணிக் குத்தகைக்கும் பொதுவாக நொத்தாரிசு உறுதி வேண்டும். வாய்ச்சொல்லை நம்பி நிலத்தைத் திருத்தி, விளையும் நேரத்தில் வெளியேற்றப்பட்டவர்கள் பலர்.

திருவிவிலியத்தில் எரேமியா இறைவாக்கினர் ஒரு நிலம் வாங்கிய நிகழ்ச்சி உண்டு. பாபிலோனியப் படை எருசலேமை முற்றுகையிட்டிருந்தது; அவரோ காவலில் இருந்தார். அந்த வேளையில் அனத்தோத்திலுள்ள உறவினரின் நிலத்தை 17 செக்கேல் வெள்ளிக்கு வாங்கினார். உறவினர் என்ற முறையில் வாங்கும் உரிமை அவருக்கே இருந்தது. சாட்சிகளை அழைத்தார், வெள்ளியை நிறுத்துக் கொடுத்தார், பத்திரம் எழுதிக் கையொப்பமிட்டார், முத்திரையிட்ட பிரதியையும் திறந்த பிரதியையும் நெடுங்காலம் அழியாதபடி மட்பாண்டத்தில் வைக்கச் செய்தார். மக்கள் ஒருநாள் திரும்பி வந்து அந்நாட்டில் மீண்டும் வீடும் நிலமும் வாங்குவர் என்ற நம்பிக்கைக்கு அதுவே அடையாளம். அவர் நம்பிக்கையோடு வாங்கினார். ஆனால் முறையில் எதையும் விடவில்லை.

நாமும் அவ்வாறே செய்வோம். இம்மாதத்திலேயே உங்கள் குடும்பத்தின் பழைய காணி விபரங்களை எழுதி வையுங்கள். உறுதிகளின் பிரதிகளை வீட்டில் ஒன்றும் நம்பிக்கையான வேறோர் இடத்தில் ஒன்றுமாகப் பாதுகாத்து வையுங்கள். புதுக் காணி பார்த்திருந்தால், தனியே தீர்மானியாது கணவனும் மனைவியும் சேர்ந்து பிரதேச செயலகத்திற்கும் காணிப் பதிவகத்திற்கும் போங்கள். தரகர் நாளைக்கே வேறாள் வாங்கிவிடுவார் என்று அவசரப்படுத்தினால், வாங்குகிறவர் வாங்கட்டும் என்று விட்டுவிடுங்கள். ஒரு மாதம் பொறுத்து வாங்குவதால் யாரும் கெட்டதில்லை. ஒரே நாளில் கொடுத்த பணத்துக்காகத்தான் பலர் ஆயுள் முழுதும் வழக்காடுகின்றனர்.